காகிதம் ஏன் சுருங்குகிறது, கொலாஜ் ஏன் குப்பையாகத் தெரிகிறது?

கேள்வி இது: "வீட்டிலேயே மிக்ஸ்டு மீடியா கொலாஜ் (காகிதம், துணி, சின்னப் பொருள்களை ஒட்டி வண்ணமும் சேர்த்துச் செய்யும் படம்) செய்து பார்க்கிறேன். மூன்று, நான்கு முடித்தாயிற்று. ஒட்டிய காகிதம் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது, அட்டை வில் மாதிரி வளைகிறது. எல்லாம் ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தால் படமாகத் தெரியவில்லை, குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. என்னென்ன வாங்க வேண்டும், எங்கே தவறு செய்கிறேன்?"

வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். சுருக்கம், வளைவு, குப்பை என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று படுகிறது: பசையைச் சீக்கிரம் கையில் எடுத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு ஈரத்தோடு பழக நேரம் கொடுக்காததால் சுருக்கம். கண்ணுக்குப் பார்த்து முடிவெடுக்க நேரம் கொடுக்காததால் குப்பை. நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் அட்டைகளை வீணடித்தேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். காகிதம் என்பது நார்கள் பின்னிக் கிடக்கும் மெல்லிய பாய். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். ஆலையில் செய்த காகிதத்தில் பெரும்பாலான நார்கள் ஒரே திசை பார்த்துப் படுத்திருக்கும். ஆகவே முழுத் தாளும் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் விரியும். நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிய ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும், மறுபக்கம் இஷ்டத்துக்கு வளைந்து போகும். நேராகக் கிழிகிற திசைதான் நாரின் திசை. தடித்த தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் சுருளுகிறதோ, அந்தச் சுருளின் நீளவாக்கில் நார் ஓடுகிறது.

இப்போது நீங்கள் செய்வது என்ன? பசையைத் தடவுகிறீர்கள், உடனே அட்டையில் வைத்து அழுத்துகிறீர்கள். காகிதம் அப்போதுதான் விரிய ஆரம்பித்திருக்கும். அட்டை அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மிச்ச விரிவுக்குப் பக்கவாட்டில் போக இடமில்லை. அதனால் மேலே எழும்புகிறது. சுருக்கம் என்று நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

மருந்து எளிது. உள்ளங்கை அளவு காகிதத் துண்டு ஒன்றை எடுத்துக் குப்புறப் போட்டு மெல்லிசாகப் பசை தடவுங்கள். தடவியதும் அதைத் தொடாமல் கவனியுங்கள். முதலில் ஓரங்கள் பசைக்கு எதிர்ப் பக்கமாகச் சுருளும். காய்ந்த மறுபக்கம் இன்னும் விரியவில்லை, ஈரமான பக்கம் மட்டும் விரிந்துவிட்டது என்பதால்தான் அந்தச் சுருட்டல். அரை நிமிடம், தடித்த தாளாக இருந்தால் ஒரு நிமிடம், பொறுங்கள். ஈரம் மறுபக்கம் வரைக்கும் போனதும் சுருண்ட ஓரங்கள் தாமாகவே தளர்ந்து தட்டையாகப் படியும். துண்டு சோர்ந்து கிடக்கும். அதுதான் ஒட்டுவதற்கான நேரம். அதற்குள் பசை காய்கிற மாதிரி தெரிந்தால் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள்.

வைக்கும்போது நடுவை முதலில் தொட விடுங்கள், பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். துண்டின்மேல் பட்டர் பேப்பர் ஒன்றைப் போட்டு, காலாவதியான பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் இழுத்துவிட்டால் போதும். காற்றும் அதிகப்படிப் பசையும் வெளியே வந்துவிடும். வெறும் விரலால் தேய்க்காதீர்கள். ஈரக் காகிதத்தின் மேல்தோல் உரிந்து வரும், அதில் அச்சும் சேர்ந்து வரும். காய்ந்த பிறகு எங்காவது கொப்புளம் தெரிந்தால் பதற வேண்டாம். பிளேடு நுனியால் ஒரு சிறு கீறல் போட்டு, பல்குத்தும் குச்சியால் துளிப் பசையை உள்ளே விட்டு அழுத்திவிடுங்கள்.

அட்டை வளைவதும் இதே கதையின் இரண்டாம் பாகம்தான். ஈரத்தில் விரிந்த காகிதம் காயும்போது மறுபடியும் சுருங்கப் பார்க்கிறது. இப்போது அது தனியாக இல்லை, அட்டையோடு சேர்ந்திருக்கிறது. அதனால் அட்டையையும் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது. ஒட்டிய பக்கம் உட்குழிந்து அட்டை வளையும். புத்தகக் கட்டுமானம் தெரிந்தவர்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: பின்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டிவிடுவது. அதே தடிமன், அதே பசை, நார் அதே திசையில். முன்னும் பின்னும் சமமாக இழுத்தால் அட்டை எந்தப் பக்கம் போகும்? பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, பழுப்புக் காகிதமே போதும். பிறகு இரு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். பார்க்காதீர்கள்.

அடித்தளத்தைத் தடியாக எடுத்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். 3 மி.மீ. ஹார்ட்போர்டு, மரப் பலகை, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாள், இந்த மூன்றும் நல்லவை. மெல்லிய சார்ட் அட்டை வேண்டாம். கேன்வாஸில் செய்யலாம், ஆனால் இழுத்துக் கட்டிய துணி நடுவில் தொய்யும், அழுத்தினால் பள்ளம் விழும். அதனால் ஒட்டும் நேரத்தில் சட்டத்துக்குள் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுங்கள். ஹார்ட்போர்டாக இருந்தால் வழவழப்பான முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு அடியுங்கள். ஜெஸ்ஸோ என்பது சுண்ணத்தூளும் வெள்ளை நிறமியும் கலந்த அக்ரிலிக் பூச்சு. காய்ந்தால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், பசையும் வண்ணமும் நன்றாகப் பிடிக்கும்.

பசைக்கு வருவோம். பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசை பெரும்பாலான வேலைக்குப் போதும். அதில் தண்ணீர் அதிகம் கலக்காதீர்கள். கலக்கும் ஒவ்வொரு சொட்டும் சுருக்கத்துக்குப் போடும் முதலீடு. தூரிகையில் இழுபடும் பதம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். கிளூ ஸ்டிக் குழந்தைகளின் வேலைக்குச் சரி, சில வருடத்தில் ஓரம் ஓரமாகப் பெயர்ந்து நிற்கும். ரப்பர் சிமென்ட்டைத் தொடவே வேண்டாம் என்பேன். ஒட்டும்போது சொர்க்கம், சுருக்கமே விழாது. ஆனால் நாளாவட்டத்தில் பிடி விட்டுப்போய், காகிதத்தில் பழுப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஸ்டார்ச் கூழ் மெதுவாகக் காயும் என்பதால் துண்டை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். பின்னாளில் ஈரம் கொடுத்துப் பிரிக்கவும் முடியும். அருங்காட்சியகங்களில் பழைய காகிதங்களைச் செப்பனிடுகிறவர்கள் கோதுமை ஸ்டார்ச் கூழை விரும்புவதற்கு அதுவே காரணம்.

எனக்குப் பிடித்தது அக்ரிலிக் மேட் மீடியம், அதாவது நிறமி சேர்க்காத, காய்ந்தால் பளபளக்காத அக்ரிலிக். அதுவே பசை, அதுவே மேல்பூச்சு. இதில் பலருக்குத் தெரியாத வித்தை ஒன்று இருக்கிறது. அட்டையின் முகத்திலும் காகிதத்தின் முதுகிலும் தனித்தனியாக மீடியத்தைத் தடவி முழுக்கக் காய விடுங்கள். காய்ந்தபின் காகிதத்தை அட்டையில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் தேயுங்கள். காய்ந்த இரண்டு அக்ரிலிக் படலமும் சூட்டில் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஒட்டும் நேரத்தில் ஈரம் என்ற பேச்சே இல்லாததால் சுருக்கமும் இல்லை. பெரிய தாள்களுக்கு, முக்கியமாகப் பின்னணி முழுக்க ஒரே காகிதம் போடும்போது, இதைவிட நிம்மதியான முறை எனக்குத் தெரியாது. மெழுகு, பிளாஸ்டிக், பழைய போட்டோ இருந்தால் மட்டும் செய்யாதீர்கள், உருகிவிடும்.

எந்தக் காகிதம் என்ன சேட்டை செய்யும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைத் தாள் பளபளப்பாக இருக்கும், ஆனால் மெல்லிசு. ஈரம் பட்டதும் பின்பக்கத்து எழுத்து முன்னால் எட்டிப் பார்க்கும். அழகான முகம் ஒன்றை வெட்டி ஒட்டியபின் அதன் கன்னத்தில் விளம்பர எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? ஒட்டுவதற்கு முன்பே துண்டின் முதுகில் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்தால் இது நடக்காது. டிஷ்யூ பேப்பர் இதற்கு நேர்மாறு. மீடியம் பட்டால் கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருப்பதைக் காட்டும், அதை நாமே வேண்டிப் பயன்படுத்தலாம். சில வண்ண டிஷ்யூக்கள் சாயம் விடும். ஓரத்தை நனைத்து வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். வீட்டு பிரிண்டரில் இங்க்ஜெட் அச்சு எடுத்தால் பெரும்பாலும் ஈரத்தில் மை கலங்கும். லேசர் அச்சும் ஜெராக்ஸும் கலங்காது, ஏனென்றால் அது மை இல்லை, சூட்டில் உருக்கிப் பதித்த தூள்.

செய்தித்தாள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் தாள் அது. மரத்தில் உள்ள லிக்னின் நீக்கப்படாமல் தாளிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் தாள் நொறுங்கும். 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் அன்றைக்கு வெளிர்நிறமாகத்தான் இருந்தன. இன்று அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது தேநீர் நிறம். அது உங்களுக்கு அழகாகப் பட்டால் அப்படியே விட்டுவிடலாம். அந்த வெண்மையே படத்துக்கு முக்கியம் என்றால், செய்தித்தாளை அமிலமில்லாத தாளில் லேசர் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். கடை ரசீதும் பயணச் சீட்டும் இப்போது பெரும்பாலும் சூட்டில் அச்சாகிற தாள். சூட்டில் கறுக்கும், வெயில் பட்டாலோ நாளானாலோ எழுத்தே மறையும். ஜெர்மன் ஓவியர் கூர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 வாக்கில் ஹனோவர் நகரத்தில் டிராம் சீட்டுகளைப் பொறுக்கி ஒட்டியபோது அவருக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. அவர் காலத்துச் சீட்டு மை வைத்து அச்சடித்தது.

சரி, கனமான பகுதிக்கு வருகிறேன். குப்பை ஏன் குப்பையாகத் தெரிகிறது?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் கடைசி வருடங்களில், உடம்புக்கு முடியாமல் போன பிறகு, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பெரிய பெரிய படங்கள் செய்தார். வெட்டிய துண்டுகளை அவர் உடனே ஒட்டவில்லை. உதவியாளர்களைக் கொண்டு சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தார். படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ பார்த்துக்கொண்டே, இதைக் கொஞ்சம் மேலே, அதைக் கொஞ்சம் இடப்பக்கம் என்று நகர்த்தச் சொன்னார். பல துண்டுகளில் ஊசித் துளைகள் இன்றும் தெரிகின்றன. உங்களுக்குச் சொல்ல வருவது இந்த ஊசியைப் பற்றித்தான். ஒட்டாத துண்டு உங்களோடு பேச்சுவார்த்தைக்குத் தயாராக இருக்கிறது. ஒட்டியது முடிந்த வழக்கு.

நான் சமீபத்தில் செய்த ஒன்றை வைத்து விளக்குகிறேன். ஏ4 அளவு ஹார்ட்போர்டு. மேசையில் எடுத்து வைத்தவை: பழைய நிலப்படத்தின் ஒரு மூலை, பழுப்பு உறை ஒன்று, கசங்கிய வெள்ளை டிஷ்யூ, கருநீலத் துணிக் கிழிசல், ஒரு நாற்காலியின் ஜெராக்ஸ், சிவப்பு நூல், நான்கு தபால்தலை, இரண்டு பொத்தான், ஒரு பறவை இறகு. முதல் முறை, ஒட்டாமல் அடுக்கிப் பார்த்தபோது, எல்லாவற்றையும் போட்டேன். நீங்கள் சொன்ன அதே குப்பை. ஏன்? எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எல்லாமே சுவாரசியமானவை, ஒவ்வொன்றும் "என்னைப் பார்" என்கிறது. கண் எங்கே உட்காரும்?

முதலில் தபால்தலைகளை எடுத்தேன். பிறகு இறகை. இறகை எடுக்க மனமே வரவில்லை, அதனால்தான் அதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. மற்றதையெல்லாம் அதற்காகவே வளைத்துக்கொண்டிருந்தேன். பழுப்பு உறையைப் பிரித்து விரித்தபோது அது பலகையில் பாதிக்கு மேல் வந்தது. இப்போது ஒன்று பெரிசு. நிலப்படத்தைக் கிழித்து நடுத்தர அளவாக்கி உறையின் ஓரத்தில் பாதி ஏறியபடி வைத்தேன். நாற்காலி சின்னது, அதை நிலப்படத்தின் கடல் பகுதியில் தனியே விட்டேன். துணிக் கிழிசல் அடியில் ஒரு பட்டை. அவ்வளவுதான். பொத்தான் இரண்டும் டப்பாவுக்குத் திரும்பிப் போயின. மேல் வலப்பக்கம் முழுக்க வெறும் பழுப்பு. அந்த வெறுமை வந்த பிறகுதான் நாற்காலி தெரிய ஆரம்பித்தது.

இந்த நிலையில் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நிறம் நம்மை ஏமாற்றும், வெளிச்சமும் இருட்டும் ஏமாற்றாது. என் படத்தில் நிலப்படத்தின் நீலமும் உறையின் பழுப்பும் நிறத்தில் எதிரெதிர். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். அதாவது நான் வித்தியாசம் என்று நினைத்த இடத்தில் வித்தியாசமே இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் வெள்ளை டிஷ்யூவை ஒரு கீற்றாக நுழைத்தேன், பிரிந்து நின்றது. படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். நாற்காலி நாற்காலியாகத் தெரியாதபோதுதான் எந்தப் பக்கம் கனம் சாய்கிறது என்று கண்ணுக்குப் புரியும். பிறகு இரவு அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காற்றாடியை நிறுத்த மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். காலையில் போட்டோவைப் பார்த்துத்தான் மறுபடி அடுக்கினேன். போட்டோ எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டும்போது அடியில் இருப்பதிலிருந்து மேலே போக வேண்டும். ஆகவே பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமாவது ஏறியிருக்கட்டும். தனித்தனியாக இடைவெளிவிட்டு ஒட்டினால் ஆல்பம் மாதிரி ஆகிவிடும். நாற்காலிக்குச் செய்ததுபோல் ஒன்றைத் தனியே விட வேண்டும் என்று தெரிந்தே விட்டால் அது வேறு.

ஓரங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கொலாஜின் குரல் ஓரத்தில்தான் இருக்கிறது. கத்தியால் வெட்டிய ஓரம் அழுத்தமாகப் பேசும், கிழித்த ஓரம் முணுமுணுக்கும். எல்லாவற்றையும் கத்தரித்தால் பள்ளிக்கூடச் சார்ட், எல்லாவற்றையும் கிழித்தால் பஞ்சு மூட்டை. அச்சடித்த தாளைக் கிழிக்கும்போது இரண்டு துண்டில் ஒன்றுக்கு வெள்ளைக் கரை கிடைக்கும், மற்றதில் நிறம் ஓரம் வரை நிற்கும். தாளை மேசையில் முகம் தெரியப் போட்டு, இடக்கையால் அழுத்திப் பிடித்து, வலப்பக்கத்தை உங்களை நோக்கி மேலே இழுத்துக் கிழியுங்கள். மேசையில் தங்கிய துண்டில் வெள்ளைக் கரை விழும், கையோடு வந்த துண்டில் நிறம் முழுசாக இருக்கும். வெள்ளைக் கரை எங்கே வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிழிக்கலாம். கடல் அலை, மேகம், மலைக்குப் பின்னால் மலை, எல்லாவற்றுக்கும் அது இலவச வெளிச்சம்.

துண்டுகள் எத்தனைதான் நன்றாக அமைந்தாலும், வெவ்வேறு இடத்திலிருந்து வந்த அந்நியர்கள் என்ற முகபாவம் போகாது. அவர்களைப் பழக்கிவிட வேண்டியது வண்ணமும் கோடும். 'மிக்ஸ்டு மீடியா' என்ற பெயருக்கு அர்த்தம் வருவது இங்கேதான். வெள்ளை அக்ரிலிக்கைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மேட் மீடியம் கொஞ்சம் சேர்த்து, ஒட்டிக் காய்ந்த படத்தின்மேல் சில இடங்களில் ஓட்டிவிட்டு, துணியால் உடனே ஒற்றி எடுங்கள். பனி படர்ந்த மாதிரி எல்லாம் ஒரே காற்றுக்குள் வந்துவிடும். என் படத்தில் அடியில் இருந்த கருநீலத்தைத் தூரிகையில் தொட்டு நாற்காலியின் நிழலிலும், மேலே உறையின் மடிப்பிலும் ஒரு கீற்று வைத்தேன். ஒரே நிறம் மூன்று இடத்தில் தலைகாட்டினால் போதும், கண் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நாற்காலியின் காலைப் பென்சிலால் நீட்டிக் காகித எல்லையைத் தாண்டி வரைந்தேன். எது அச்சு, எது கை என்று தெரியாத அந்த இடத்தில்தான் எனக்கு வேலை பிடித்துப்போனது.

பிராக் 1912 இலையுதிர் காலத்தில் செய்ததும் இதையே. மரத்தின் ரேகைபோல் அச்சடித்த சுவர்க்காகிதத்தை அவினியோன் நகரத்துக் கடை ஒன்றில் பார்த்து வாங்கி, வெட்டி ஒட்டி, அதன்மேலும் பக்கத்திலும் கரிக்கோலால் பழத்தட்டும் கண்ணாடிக் குவளையும் வரைந்தார். காகிதத்தையும் கோட்டையும் பிரித்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை.

பொருள்களைக் கலக்கும்போது ஒரு வரிசை உண்டு, அதை மீறாதீர்கள். தண்ணீரில் கரைபவை கீழே, எண்ணெயும் மெழுகும் மேலே. வாட்டர்கலர், இந்தியன் இங்க், அக்ரிலிக் எல்லாம் முடித்துக் காய்ந்த பிறகு ஆயில் பேஸ்டல், மெழுகு கிரேயான். ஆயில் பேஸ்டலின்மேல் அக்ரிலிக் அடித்தால் பிடிக்காது, தோலாக உரிந்து வரும். மெழுகின்மேல் வாட்டர்கலர் ஒட்டாமல் விலகி ஓடுவதை மட்டும் வேண்டுமென்றே ஒரு விளைவாகப் பயன்படுத்தலாம். பென்சிலும் கரியும் கலைந்துவிடும் என்று பயந்தால், தூரிகை தொடும் முன் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடியுங்கள். அதை வீட்டுக்குள் அடிக்க வேண்டாம். மொட்டை மாடியோ திறந்த வாசலோ போதும்.

துணி, நூல், கம்பி, மரச் சில்லு போன்றவற்றுக்கு வெள்ளைப் பசை போதாது. ஜெல் மீடியம் (அக்ரிலிக் மீடியத்தின் கெட்டியான வகை) தடவி அதற்குள் பொருளைப் பதித்துவிடுங்கள். இன்னும் கனமானதைத் துளைபோட்டு நூலாலோ கம்பியாலோ கட்டுவதே நேர்மையான வழி. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் 1955-இல் போர்வை, தலையணை எல்லாவற்றையும் சட்டத்தில் மாட்டி வண்ணம் ஊற்றி 'படுக்கை' என்று பெயர் வைத்தவர். அந்த அளவு நமக்கு வேண்டாம், ஆனால் துணியை ஒட்டுவதைவிட நாலு தையல் போடுவது நன்றாகப் பிடிக்கும், தையலும் ஒரு கோடாகிவிடும். இலை, பூ வைக்க ஆசைப்பட்டால் முழுக்க உலர்ந்ததை மட்டும் வையுங்கள். உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே அழுத்தி, தாளை இடையிடையே மாற்றி, இரண்டு மூன்று வாரம். நான் ஒரு முறை பத்தே நாளில் எடுத்த இலையை ஒட்டி, மேலே மீடியம் பூசி, கண்ணாடி போட்ட ஃபிரேமில் மாட்டினேன். ஈரம் வெளியே போக வழியில்லாமல், இலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் வட்டமாகப் பூத்தது. பார்த்தவர் ஒருவர் அதுதான் படத்திலேயே நன்றாக இருக்கிறது என்றார். விதை, தானியம், மாவுப் பண்டம் எதையும் ஒட்டாதீர்கள். பூச்சிக்கு விருந்து.

படத்தை மட்டும் எடுத்து காகிதத்தை விட்டுவிடும் ஒரு முறையும் இருக்கிறது. லேசர் அச்சு அல்லது ஜெராக்ஸின் முகத்தில் ஜெல் மீடியம் சமமாகத் தடவி, அட்டையில் குப்புற ஒட்டி, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் முதுகை ஈரப் பஞ்சால் நனைத்து, விரல் நுனியால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரித்திரியாக உருண்டு வரும். அடியில் படம் மட்டும் மீடியத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்ததும் மறுபடி வெளுப்பாகத் தெரியும், காகித நார் இன்னும் மிச்சம் என்று அர்த்தம். மறுபடி நனைத்துத் தேயுங்கள். ஒரேயடியாக முடிக்க நினைத்தால் படமே கிழியும். படம் இடம் வலம் மாறி விழும், எனவே எழுத்து இருந்தால் அச்சு எடுக்கும் முன்பே கணினியில் திருப்பிவிடுங்கள். நான் என் முதல் முயற்சியில் ஒரு முழுப் பத்தியைக் கண்ணாடியில் வைத்துப் படிக்கும்படி செய்து வைத்திருக்கிறேன்.

பிறர் எடுத்த புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு எதை வெட்டினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. விற்கவோ அச்சடிக்கவோ போகிறீர்கள் என்றால், சொந்தப் போட்டோ அல்லது காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள்தான் பாதுகாப்பு.

வாங்க வேண்டியவை இப்போது: மேட் மீடியம் ஒரு புட்டி, ஜெஸ்ஸோ ஒரு சிறு டப்பா, ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு வைத்த கத்தி, அதன்கீழ் போட ஒரு கட்டிங் மேட், தட்டையான தூரிகை இரண்டு, அக்ரிலிக்கில் வெள்ளை, கறுப்பு, உங்களுக்குப் பிடித்த ஒன்று. கத்தியின் நுனி மழுங்கியதும் ஒடித்துவிடுங்கள். மழுங்கிய பிளேடு காகிதத்தைக் கடித்து இழுக்கும், அழுத்தம் கூடும், வழுக்கும், விரல் போகும். கொலாஜுக்கென்று விற்கும் அலங்காரக் காகிதக் கட்டுகளை வாங்காதீர்கள் என்பது என் கட்சி. எல்லாம் ஏற்கெனவே பொருத்தமாக இருக்கும், நீங்கள் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. அதற்குப் பதில் வெற்றுத் தாள்களில் நீங்களே வண்ணம் அடித்து, பழைய சீப்பால் கீறி, நனைந்த துணியால் ஒற்றி, ஒரு கட்டு தயாரித்து வையுங்கள். மேரி டெலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுபதைத் தாண்டிய வயதில் வண்ணக் காகிதத்தை இழை இழையாக வெட்டிக் கறுப்புத் தாளில் பூக்களை ஒட்ட ஆரம்பித்தார். கண் பார்வை மங்கும்வரை பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார், அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் போன படங்களும் உண்டு. நிறம் சரியாக அமைய, தேவைப்பட்ட காகிதத்துக்கு அவரே வண்ணம் தீட்டிக்கொண்டார்.

முடித்த படத்தை எப்படி வைப்பது என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். மீடியம் பூசிய படத்தை முழுதாகக் காய சில நாள் விட்டு, மேலே அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு பூச்சு. காகிதம் அதிகமாகத் திறந்திருக்கும் படமென்றால் வார்னிஷுக்குப் பதில் கண்ணாடி போடுங்கள். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் அட்டையோ சிறு குச்சியோ இடைவெளி தரட்டும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். அடுக்கி வைப்பதாக இருந்தால், அக்ரிலிக் பூச்சு உள்ள இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைக்காதீர்கள். கோடைக்கு அந்தப் படலம் இளகும். என்னிடம் இரண்டு படங்கள் ஒன்றாகி இப்போது ஒரே படமாக இருக்கின்றன, முகத்தை யாரும் பார்க்க முடியாது. நடுவில் ஒரு பட்டர் பேப்பர் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேதி, என்ன பசை, என்ன காகிதம் என்று எழுதிவையுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு ஓரம் பெயர்ந்தோ மஞ்சளாகியோ நின்றால், எது காலை வாரியது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். ஏற்கெனவே செய்த நான்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றின்மேல் ஜெஸ்ஸோ ஒரு பூச்சு அடித்துப் பாருங்கள். அந்தச் சுருக்கங்கள் வெள்ளையில் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும், அடுத்த படத்துக்கு அதைவிட நல்ல அடித்தளம் கடையில் கிடைக்காது.